வெனிஸில் ஒரு மாடிப்படி

வெனிஸ் நகரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது சுலபம். அந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஊர் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்றில் தொடங்கி ஆயிரக்கணக்கில் எண்கள். விலாசத்தில் தெருப் பெயர் வராது; பேட்டையின் பெயரும் எண்ணும்தான். அந்த எண்களாவது வரிசையாக நடக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. ஒரு சந்துக்குள் புகுந்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, கால்வாய்க் கரையில் சற்று நின்று, எதிர்பாராத இடத்தில் மறுபடியும் முளைக்கின்றன. அந்த ஊர்த் தபால்காரர் உத்தியோகத்துக்கு ஞாபகசக்தியைத் தவிர வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊரில், காஸ்டெல்லோ என்னும் கிழக்குப் பேட்டையில், நாலு இலக்க எண் கொண்ட ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் என் அக்காள் மகள் குடியிருந்தாள். சென்னையில் ஐந்து வருஷம் கட்டிடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவள். அதற்கு மேல் நகர அமைப்பையும், பழைய கட்டிடங்களைப் பேணுகிற கலையையும் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்து போயிருந்தாள். பாங்கில் பாதிக் கடன். அக்காளின் வளையல்கள் மறு பாதி. அத்திம்பேர் காலமாகி ஆறு வருஷம் ஆன வீட்டில் வளையலுக்கு எவ்வளவு மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 நவம்பரில் ஒரு கூட்டத்துக்காக நான் பாரிஸுக்குப் போக நேர்ந்தது. அக்காள் என்னைக் கூப்பிட்டு, "அப்படியே போய் அவளைப் பார்த்துட்டு வா. ஒன்றரை வருஷமாச்சு. என்னம்மா கட்டினேன்னு கேட்டா, அளந்துண்டிருக்கேங்கறா. அளக்கறதுக்கா அவ்வளவு தூரம் போனா?" என்றாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கதை எழுதக் கற்றுக்கொள்ளப் போன பிள்ளை ஒன்றரை வருஷமாகப் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் தகப்பனார் என்ன நினைப்பார்?

படகு பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் காத்திருந்தாள். தோளில் ஒரு பை. பைக்குள் டேப், ரசமட்டம், சாக்கட்டி, பென்சில். சாப்பாட்டு டப்பாவுக்கு இடம் இல்லாமல் அதைக் கையில் வைத்திருந்தாள். "மாமா, ஷூ கொஞ்சம் நனையும், பரவாயில்லையா?" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. தாழ்வான கரையில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. ஜனங்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கறிகாய்ப் பையுடன் சாவதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் படிக்கிற இடத்தைக் காட்ட அழைத்துப் போனாள். 1926-இல் தொடங்கிய கட்டிடக்கலைக் கல்லூரி அது; இப்போது பல்கலைக்கழகம். தொலெந்தினி என்று பெயருள்ள பழைய துறவி மடம் ஒன்றில் அதன் தலைமை இடம் இருக்கிறது. வாசலை அமைத்தவர் கார்லோ ஸ்கார்பா. மடத்தைப் புதுப்பிக்கும்போது பழைய கல் நிலை ஒன்று அகப்பட்டதாம். வேறு யாராவதாக இருந்தால் அதைச் சுவரில் நிமிர்த்திப் பதித்து, "பழமையைக் காப்பாற்றினோம்" என்று ஒரு பலகையும் மாட்டியிருப்பார்கள். ஸ்கார்பா அதைத் தரையில் படுக்க வைத்துத் தண்ணீர் நிற்கும் தொட்டியாக்கிவிட்டார். ஒரு காலத்தில் மனிதர் நுழைந்த வாசலில் இப்போது ஆகாயம் நுழைந்து நிற்கிறது.

இந்த ஸ்கார்பாவின் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கட்டிடக்கலைஞருக்குரிய உரிமம் அவரிடம் கடைசி வரை இல்லை. நுண்கலைக் கழகத்தில் வரைகலை படித்தவர். உரிமப் பரீட்சை எழுது என்றார்கள்; எழுத மாட்டேன் என்றுவிட்டார். உரிமம் இல்லாமல் தொழில் செய்கிறார் என்று அவர்மீது வழக்குக்கூடத் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்டவர் 1972 முதல் 1974 வரை இதே கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1978-இல் ஜப்பானுக்குப் போன இடத்தில் ஒரு படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். கல்லூரி அவருக்கு அளித்த கௌரவப் பட்டம் அவர் போன பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. இண்டர்மீடியட்டோடு நின்றவனுக்குச் சமமான என்னைப் போன்றவர்களுக்கு இம்மாதிரி விஷயங்களில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அதை மறைப்பானேன்?

வாசல் சுவரில் லத்தீனில் ஒரு வாசகம் பொறித்திருந்தது. நேப்பிள்ஸில் பிறந்து 1744-இல் மறைந்த வீக்கோ என்ற தத்துவ ஞானியின் கொள்கையாம். மனிதன் தானே செய்த ஒன்றைத்தான் மெய்யாக அறிகிறான் என்பது அதன் சாரம். "அப்படியானால் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அக்காளின் கேள்வியை இவ்வளவு நாஸூக்காகப் போட முடிந்ததில் எனக்குத் திருப்தி. அவள் சிரித்துக்கொண்டே, "நாளைக்குக் காட்டறேன் மாமா. கால் நல்லா இருக்கா?" என்றாள்.

கால் நன்றாக இருக்க வேண்டிய ஊர்தான் அது. நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள். அவற்றைச் சேர்க்க நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள். பாலம் என்றால் ஏறி இறங்க வேண்டும். அடியில் படகு போக வேண்டுமே! மூன்று நாள் அவள் பின்னாலேயே நடந்தேன். எந்த மாளிகையையும் அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்வையெல்லாம் தரையிலும், சுவரின் அடியிலும், படியிலும்தான்.

ஒரு சிறு மைதானத்தில் நிறுத்தினாள். நடுவில் கல்லால் செதுக்கிய கிணற்று வாய். மேலே இரும்பு மூடி. "இது கிணறு இல்ல மாமா" என்றாள். உப்பு நீர் சூழ்ந்த ஊரில் கிணறு தோண்டினால் என்ன கிடைக்கும்? மைதானம் முழுவதையும் பல அடி ஆழத்துக்குத் தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் மட்டும் செங்கல்லால் உறை கட்டியிருக்கிறார்கள். மழை நீர் தரையிலுள்ள துளைக் கற்களின் வழியாக மணலுக்குள் இறங்கி, வடிகட்டிக்கொண்டு, உறையில் ஊறி நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற கிணற்று வாய் அந்த ஏற்பாட்டில் மிகச் சிறிய பகுதி. தரைதான் கிணறு. 1858-இல் எண்ணியபோது இம்மாதிரி ஆறாயிரத்துக்கு மேல் இருந்தனவாம். 1884-இல் குழாய்த் தண்ணீர் வந்ததும் மூடிவிட்டார்கள்.

"மைதானத்தோட சரிவு ஏன் இப்படி இருக்கு, வாசல் ஏன் இங்க இருக்கு, எல்லாத்துக்கும் இந்தக் கிணறுதான் காரணம். அளந்து வரைஞ்சப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பார்த்தப்ப புரியல" என்றாள்.

1950-களில் இந்தக் கல்லூரியில் ஸவேரியோ முராத்தோரி என்று ஓர் ஆசிரியர் இருந்தார். தனியாக ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அது எந்தத் தெருவில், எந்த மைதானத்தை ஒட்டி, எந்த வீட்டின் பக்கத்தில் நிற்கிறதோ அவற்றோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மாணவர்களைப் பேட்டை பேட்டையாக அனுப்பி, வீடு வீடாகத் தரைத்தளத்தை அளந்து, ஒரே தாளில் சேர்த்து வரையச் சொன்னார். அப்படி வரைந்தபோது, ஊர் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி வளர்ந்தது என்பது கைரேகை போலத் தெரிந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காத இந்த வேலை உலகம் முழுவதும் நகர அமைப்புப் படிக்கிறவர்களுக்கு ஒரு பாடமாயிற்று.

என் அக்காள் மகளும் அந்தப் பரம்பரையில்தான் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பழைய வீட்டை அளப்பது எப்படி என்று எனக்கு ஒரு நாள் செய்முறை விளக்கமே நடந்தது. டேப்பின் மறு நுனியைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு.

"நாலு சுவரையும் அளந்தாச்சே, போதாதா?" என்றேன்.

"போதாது மாமா. மூலைக்கு மூலை அளக்கணும். நாலு பக்கத்தை மட்டும் எழுதிட்டுப் போனா, வீட்டுக்குப் போய் சதுரமா வரைஞ்சுடுவோம். இந்த ஊர்ல எந்த ரூமும் சதுரம் இல்ல."

வாஸ்தவம்தான். மூலைவிட்டம் இரண்டும் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசப்பட்டன. சேற்றில் மரக் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் பலகையும் கல்லும் பரப்பி எழுப்பிய வீடுகள் இவை. ஸாலூத்தே என்ற ஒரே ஒரு மாதா கோவிலுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கட்டைகள் இறக்கியதாகச் சொல்லுகிறார்கள். அடியில் சேறு அசைந்தால் வீடும் சற்று அசையும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். உத்தரங்கள் மரம், தளம் சுண்ணாம்பிலே கல் சில்லுகளைப் பதித்து இழைத்தது. சிமெண்டைப் போல விறைத்துக்கொண்டு பிளக்காமல் வளைந்து கொடுக்கும். பாரத்தைப் பக்கச் சுவர்கள் தாங்கிக்கொள்ளுகின்றன. கால்வாயைப் பார்த்த முன் சுவர் அநேகமாக ஜன்னல்தான், கனமே இல்லை. உலகமே படம் பிடித்துக்கொண்டு போகிற அந்த அழகான முகப்புகள், சேற்றுக்குப் பயந்து எடையைக் குறைத்ததனால் வந்த அழகு என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த ஊர்மீது மரியாதை உண்டாயிற்று.

ஆனால் அளந்துகொண்டே இருந்தால் கட்டுவது எப்போது? இதை நான் நேராகவே கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல், பெரிய கால்வாயின் கரையில் ஒரு குறுகலான வீட்டைக் காட்டினாள். ஆஞ்சலோ மாஸியேரி என்ற இளம் கட்டிடக்கலைஞர் 1952-இல் அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாக, வெளியூர்களிலிருந்து வந்து கட்டிடக்கலை படிக்கிற மாணவர்கள் தங்குவதற்கு அந்த இடத்தில் ஒரு விடுதி கட்டக் குடும்பத்தார் விரும்பினார்கள். வரைந்து கொடுத்தவர் சாமானியர் அல்ல. ஃப்ராங்க் லாயிட் ரைட். ஊரே இரண்டு பட்டது. கடைசியில் நகரசபை அனுமதிக்கவில்லை. 1960-களில் லெ கார்புஸியே ஓர் ஆஸ்பத்திரிக்குத் திட்டம் வரைந்தார், அதுவும் எழும்பவில்லை. 1902 ஜூலையில் ஸான் மார்க்கோ சதுக்கத்தின் மணிக்கூண்டு பொலபொலவென்று சரிந்து விழுந்தபோதோ, இருந்த இடத்திலேயே இருந்தபடியே கட்ட வேண்டும் என்று முடிவு செய்து, 1912-க்குள் கட்டி முடித்துவிட்டார்கள்.

"பழசைத் திருப்பிக் கட்டுவார்களாம், புதுசைக் கட்ட விடமாட்டார்களாம். இந்த ஊரில் போய் உன்னைப் போன்ற சிறிசுகள் என்ன படிக்கிறீர்கள்?" என்றேன்.

"புதுசும் இருக்கு மாமா, வாங்க" என்று ரயில் நிலையத்தின் பக்கத்திலுள்ள பாலத்துக்கு அழைத்துப் போனாள். 2008-இல் திறந்தது. பார்க்க அற்புதமாக வளைந்து நிற்கிறது. படிகளில் கண்ணாடி பதித்திருந்தார்கள். மழை நாளில் ஜனங்கள் வழுக்கி விழுந்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல்லைப் பதிக்கப் போவதாக 2022-இல் செய்தி வந்தது. அவள் குனிந்து, ஒரு படியின் உயரத்தை விரலால் அளந்தாள். "எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், ஒரு பாட்டி காய்கறி வண்டியை இழுத்துக்கிட்டு இதுல ஏறுவாங்கன்னு நினைச்சுப் பார்க்கணும்ல?" என்றாள்.

அவள் சொன்ன பாட்டி கற்பனைப் பாட்டி அல்ல. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. வயது எண்பத்தொன்று. மெலிந்த உடம்பு, உரத்த குரல். என்னை முதல் நாளே உட்கார வைத்து, நான் எழுதுகிற புத்தகங்களுக்கு எவ்வளவு பணம் கிடைக்கிறது என்று விசாரித்தாள். பதிலை என் மருமகள் மொழிபெயர்த்ததும் எழுந்து போய் எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

1966-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆந் தேதி நடந்ததைப் பாட்டி ஒரு மாலை முழுவதும் சொன்னாள். அன்று கடல் 194 சென்டிமீட்டர் ஏறிற்று. பதிவான வெள்ளங்களில் அதுவே உயர்ந்தது. அப்போது அவள் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவள். இதே வீட்டின் தரைத்தளத்தில் குடித்தனம். விளக்கு அணைந்துவிட்டது. வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, கறுப்பு எண்ணெய் தண்ணீரில் மிதந்து வந்தது. வடிந்த பிறகு சுவர் முழுக்க இடுப்புக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு. கல்யாணத்துக்கு வந்த படுக்கையும் பெட்டியும் வீணாயின. அவளும் புருஷனும் மாடிக்குக் குடியேறினார்கள். ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் தரைத்தளத்தை விட்டார்கள். மாடி கிடைத்தவர்கள் மேலே போனார்கள். கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாண்டி, நிலப்பரப்பில் இருக்கிற மெஸ்த்ரேக்குப் போனார்கள்.

1951-இல் இந்தப் பழைய நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போய்விட்டது. ரியால்ட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை ஜன்னலில், மிஞ்சியிருக்கிறவர்களின் தொகையை விளக்கு எழுத்தில் காட்டுகிறார்கள். ஜுர மானியை எட்டிப் பார்ப்பது போல ஜனங்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பாட்டியின் வீட்டுக்கு நாற்பத்தேழு படிகள். லிஃப்ட் கிடையாது, வைக்க இடமும் இல்லை. படிகள் செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. முந்திய வருஷம் பாட்டிக்கு இடுப்பில் அறுவை நடந்திருந்தது. மெஸ்த்ரேயில் இருக்கிற மகன் லிஃப்ட் உள்ள வீட்டில் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். காஸ்டெல்லோ வீட்டைப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்றும் சொன்னான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறி வந்து தாயாருக்குச் சாமான் வாங்கி வைத்துவிட்டுப் போகிற பிள்ளை அவன்.

இந்த வீட்டையும் இதை ஒட்டிய எட்டு வீடுகளையும்தான் என் மருமகள் தன் இறுதி ஆய்வுக்கு எடுத்திருந்தாள். எட்டு மாதம் அளந்ததில் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஒன்பது வீடுகளிலும் தரைத்தளம் காலி. அல்லது சாமான் அறை. மேலே இருந்தவர்களில் ஆறு பேர் எழுபது வயதைக் கடந்தவர்கள். கடந்த பத்து வருஷத்தில் அந்த வீடுகளை விட்டுப் போனவர்களை டெலிபோனில் கூப்பிட்டு ஏன் போனீர்கள் என்று கேட்டாள். வெள்ளம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விலைவாசி என்று சிலர் சொன்னார்கள். படி என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

"1966-ல தண்ணி இவங்களை மேல ஏத்திடுச்சு. இப்ப படி இவங்களை வெளியில அனுப்புது. கீழ அம்பது வருஷமா ரூம் காலியா கிடக்கு, மாமா" என்றாள். டேப் பிடித்து ஒன்றரை வருஷத்தில் அவள் கண்டது இதுதான். எழுதிப் பார்த்தால் இரண்டு வரி. ஆனால் மூலைக்கு மூலை அளக்காமல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அவளுடைய திட்டம் அந்தத் தரைத்தளங்களை மறுபடியும் வயதானவர்கள் இருக்கத் தக்கவையாக்குவது. குவேரினி ஸ்தாம்பாலியா என்ற பழைய மாளிகையின் தரைத்தளத்தை 1960-களின் தொடக்கத்தில் ஸ்கார்பா சீரமைத்தபோது, தண்ணீரை வாசலில் மறிக்கவில்லை. வா என்று உள்ளே விட்டு, அதற்கென்று கால்வாய் கட்டி, மனிதர் நடக்கும் வழியை ஓரம் தூக்கிய தாம்பாளம் போல உயர்த்தி வைத்தார். அந்த யுக்தியைப் பாட்டி வீட்டு அளவுக்குக் குறைத்து வரைந்திருந்தாள். தளம் நாலு படி உயரம். கீழே தண்ணீர் வந்து போக இடம். சுவரின் அடியில் உப்பு ஏறாத கல் வரிசை. கடலின் வாயில்களில் நிறுவிய 78 இரும்புக் கதவுகள் 2020 அக்டோபரிலிருந்து பெரிய வெள்ளத்தைத் தடுத்து வருவதால், தரைத்தளத்தில் மனிதர் இருப்பது நடக்காத காரியம் அல்ல என்பது அவள் வாதம்.

வரைபடங்களை ஆசிரியர்களிடம் கொண்டுபோவதற்கு முன்னால் பாட்டியிடம் காட்டினாள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மாடிப்படியின் படத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டாள். என் மருமகளின் முகம் சிவந்துபோயிற்று.

"என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"நாற்காலி எங்கேன்னு கேக்கறாங்க."

இருபத்தெட்டாவது படியில், திருப்பத்தில், பாட்டி ஒரு பழைய வைக்கோல் நாற்காலி போட்டிருந்தாள். ஏறும்போது அங்கே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து, அன்று வாங்கி வந்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மேலே ஏறுவாள். எதிர் வீட்டுக்காரி இறங்கி வந்தால் பேச்சும் அங்கேதான். எட்டு மாதத்தில் ஒவ்வொரு படியையும் மில்லிமீட்டர் வரை அளந்த பெண், அளப்பதற்காக அந்த நாற்காலியை நகர்த்தி வைத்து அளந்திருக்கிறாள். அன்றிரவே உட்கார்ந்து அதை வரைந்து சேர்த்தாள்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஆசிரியர்களின் முன்னால் வரைபடங்களை மாட்டி விளக்க வேண்டிய நாள் வந்தது. ஜூரி என்று சொல்லுகிறார்கள். பெயருக்கு ஏற்ப விசாரணையாகத்தான் இருந்தது. வெளியார் உட்கார அனுமதி உண்டு என்பதால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மற்ற மாணவர்கள் தீவுகளையே புதிதாகப் படைத்திருந்தார்கள். இவள் சுவரில் ஒன்பது பழைய வீடுகளும் ஒரு மாடிப்படியும். ஓர் ஆசிரியர், இதில் வடிவமைப்பு என்று எதைச் சொல்லுகிறாய் என்றார். இன்னொருவர், கடல் மட்டம் உயர்ந்துகொண்டே இருக்கிறதே, அறுபது வருஷம் கழித்து இந்தத் தரைத்தளங்களின் கதி என்ன என்றார். அது லேசான கேள்வி அல்ல. அந்தக் கதவுகளும் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி அந்த ஊரில் எல்லார் மனத்திலும் இருக்கிறது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அறுபது வருஷத்துக்குப் பதில் என்னிடம் இல்லை. மேலே இருப்பவளுக்கு வயது எண்பத்தொன்று. அவளுக்குத் தேவை பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துக்குத்தான் நான் வரைந்திருக்கிறேன்" என்றாள். பக்கத்திலிருந்த ஒரு மாணவன் எனக்கு ஆங்கிலத்தில் சொன்ன சாரம் இது. யாரும் கை தட்டவில்லை. அம்மாதிரி இடங்களில் தட்டுவதும் இல்லை. பல்லாண்டு அனுபவம் உள்ளவராகத் தோன்றிய வயதான ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து சுவருக்கு அருகில் போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்தார்.

அக்காளுக்கு என்ன சொல்வது என்று விமானத்தில் யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "கட்டவில்லை. ஆனால் அளந்ததில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். படித்திருக்கிறாள், சந்தேகமே வேண்டாம்" என்றேன். அக்காள் நாற்காலி விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அந்தப் பாட்டி ஊறுகாய் சாப்பிடுவாளா?" என்றாள்.

2024 வசந்தத்தில் படிப்பு முடிந்தது. பிரமாதமான மதிப்பெண் என்று சொல்ல முடியாது, கௌரவமான மதிப்பெண். பழைய வீடுகளைச் செப்பனிடுகிற ஒரு சிறிய அலுவலகத்தில் அந்த ஊரிலேயே வேலை. சம்பளத்தில் முதலில் பாங்குக் கடன், பிறகு வளையல் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள். தரைத்தளத் திட்டத்துக்கு மகன் இன்னும் சம்மதிக்கவில்லை. செலவு அதிகம், அவன் பயமும் நியாயமானது. ஆனால் அந்த மாடிப்படியின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை மரக் கைப்பிடி போட அவன் ஒப்புக்கொண்டான். வரைந்தவள் இவள். பாட்டியின் கைக்கு எவ்வளவு பருமன் இருந்தால் பிடிக்கும் என்று நாலு துண்டு மரத்தைக் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, அதில் ஒன்றைப் பாட்டியே தேர்ந்தெடுத்தாளாம். தச்சர் ஒரு வாரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பாட்டி இன்னும் மெஸ்த்ரேக்குப் போகவில்லை. போக மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. எண்பது தாண்டிய உடம்பு யார் சொல்லையும் கேட்காது. போன மாதம் டெலிபோனில் பேசியபோது, திருப்பத்தில் கைப்பிடியைச் சற்று வளைத்து நாற்காலிக்கு இடம் விட்டிருப்பதாக என் மருமகள் சொன்னாள். பாட்டி இப்போதும் அங்கே உட்காருகிறாளா என்று கேட்டேன். "உக்காராம என்ன? முன்னைவிட ஜாஸ்தி நேரம் உக்காந்துக்கிட்டு, வர்றவங்க போறவங்க எல்லாரையும் நிறுத்திப் பேசறாங்க. படியில வழியே இல்ல மாமா" என்றாள்.